பெயரைக் கேட்ட தேர்தல்

காரைக்குடியில் ஒரு ரைஸ்மில்லில் எனக்கு வேலை. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலில் காலாலேயே கிளறிக்கொண்டு நடக்க வேண்டும். சூடு உள்ளங்காலில் ஏறி இடுப்புவரை வரும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று மற்றப் பெண்கள் என்னை எதற்கும் முன்னே தள்ளப் பார்ப்பார்கள். நான் பின்னால் போய் நின்றுகொள்வேன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது.

அறுபத்திரண்டு தேர்தலில்தான் எனக்கு முதல் ஓட்டு. நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே சாவடி. காரில் வந்து இறங்கிய பெரிய வீட்டு ஆச்சிமார் உள்ளே போய், விரலில் மையோடு வெளியே வந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் போனதும் ஒரு கட்சியின் ஏஜெண்டு எழுந்துகொண்டார். மில்லில் வேலை செய்யும் பெண்கள் தன் கட்சிக்குக் குத்த மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"இது அந்தப் பொம்பளதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு சார். புருஷன் பேரச் சொல்லச் சொல்லுங்க" என்றார் சாவடி அதிகாரியிடம்.

எங்களில் யாரும் புருஷன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பேச்சு. அது அந்த ஏஜெண்டுக்கும் தெரியும். எனக்கு முன்னால் நின்றவள் மில்லிலேயே பெரிய வாயாடி.

"மயில் மேல உக்காந்திருப்பாருல்ல, அவரு பேருதேன்" என்றாள்.

"அவருக்கு ஆயிரம் பேரு இருக்கு. அதுல ஒம் புருஷன் எது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அவரை முறைத்துவிட்டு ஓட்டுப் போடாமலே திரும்பினாள். அடுத்து நான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வந்த மாமியாரும், நான் நின்றதைப் பார்த்து அப்படியே வெளியே வந்துவிட்டார். "போடி, வேலையத்த வேலை" என்றார். அன்று மத்தியானமே களத்துக்குப் போய்விட்டோம்.

மில்லில் சாப்பாட்டு நேரத்தில் கணக்கப்பிள்ளை பேப்பரை வாய்விட்டு வாசிப்பார். கொட்டகை நிழலில் நாங்கள் காலை நீட்டிக் கிடப்போம். பாதி காதில் விழும், பாதி தூக்கத்தில் போய்விடும். அறுபத்துநாலில் ஒரு நாள், அமெரிக்காவில் கறுப்பு மக்களையும் சாப்பாட்டுக் கடைகளில் எல்லோரோடும் உட்காரவைக்க வேண்டும் என்று சட்டம் வந்ததை வாசித்தார்.

"அவுக ஊர்லயுமா?" என்றாள் வாயாடி.

எங்கள் தெரு ஆட்களுக்கு முக்கு டீக்கடையில் தனிக் கிளாஸ்தான். நாங்கள் சிரித்தோம். கணக்கப்பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

மறுவருஷம் அங்கிருந்தே இன்னொரு செய்தி. ஓட்டு வேண்டும் என்று பாலத்தின் மேல் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துப்போட்டது. சில மாதம் கழித்து அதற்கும் சட்டம் வந்தது. ஓட்டுக்குப் பதிய வரும் கறுப்பு ஆட்களிடம் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, வாசித்து அர்த்தம் சொல் என்பார்களாம். வெள்ளைக்காரனை லேசாகக் கேட்டு விட்டுவிடுவார்களாம். இனி அப்படி யாரையும் கேட்கக் கூடாதாம்.

"எங்களப் புருஷன் பேரு கேட்டாகளே, அந்த மாதிரியா?" என்றாள் வாயாடி.

"அதுவும் இதுவும் ஒண்ணா? நம்ம சட்டத்துல மொதத் தேர்தல்ல இருந்தே எல்லாருக்கும் ஓட்டு. பேரச் சொன்னா ஒங்க வாய் வெந்தா போகும்?" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஒங்க வீட்டு அம்மா சொல்லுவாகளாக்கும்?"

"எங்க வீட்ல வந்து யாரு கேக்கப்போறா?" என்று சிரித்தார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. யோசிக்காமல் சொன்னார். எனக்கு மட்டும் அன்று தூக்கம் வரவில்லை.

அறுபத்தேழு வந்தது. அரிசி கிடைக்காத காலம். பகல் முழுக்க நெல்லின்மேல் நடந்துவிட்டு, ராத்திரி ரேஷனில் போட்ட அமெரிக்கக் கோதுமையில் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்ப் போட ஓட்டுப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. இந்தத் தடவையும் சும்மா திரும்பிவிடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு போனேன். மாமியார் வரவில்லை.

அதே ஏஜெண்டு, அதே கேள்வி. பாலத்தில் அடிபட்டவர்களை நினைத்தேன். பேரைச் சொன்னேன்.

"கேக்கலையே" என்றார் ஏஜெண்டு.

மறுபடியும் சொன்னேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து ஆண்கள் வரிசையில் என் புருஷன் நின்றிருந்தார். அங்கே யாரோ சிரிப்பதும் காதில் விழுந்தது. அதிகாரி விரலில் மை வைத்துச் சீட்டைக் கொடுத்தார். முத்திரையைக் குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டேன். வெளியே வந்தபோது எனக்குப் பின்னால் வாயாடியின் குரல் கேட்டது. அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் பலபேர் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் என் புருஷன் சத்தம் போடவில்லை. "சொல்லாம வந்திருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நாள் என் கையால் சோறு வாங்கவில்லை. பிறகு வாங்கினார்.

அதற்கு மறுவருஷம் அவருக்கு மஞ்சள்காமாலை கண்டது. மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு மாமியார் என்னைப் பார்த்து, "பேரக் கூப்புட்டு அனுப்பிட்டியேடி" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் நாங்கள் இரண்டுபேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கித் தின்று காலம் தள்ளினோம். மாமியார் நம்பித்தான் அப்படிச் சொன்னார். நான் நம்பவில்லை என்று என்னாலும் சொல்ல முடியாது.

எழுபத்தொன்றில் அடுத்த தேர்தல். நான் புறப்பட்டபோது மாமியாரும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். கேட்டால் பேரைச் சொல்லத்தான் வேண்டும். புருஷன் போன பிறகு நான் அதைச் சொன்னதே இல்லை.

ஏஜெண்டு அதே ஆள்தான். நரைத்திருந்தார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டால் இவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு எதற்குக் கேட்கிறார்? அதிகாரி நம்பரைப் பார்த்தார், மை வைத்தார், சீட்டைக் கொடுத்தார். எனக்கு. பிறகு மாமியாருக்கு.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் மாமியார் நின்று தன் விரலைப் பார்த்தார்.

"ஒண்ணுமே கேக்கலையேடி" என்றார்.

"ஆமா அத்தை."

"அன்னைக்கும் கேக்காம விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார். நானும் நடந்தேன். காலையில் பரப்பிவிட்டு வந்த நெல் காய்ந்துகொண்டிருந்தது, கிளறப் போக வேண்டும்.