பாஸ் முடியப் பன்னிரண்டு நாள்

வேலை போன பிறகும் ஒருவர் எதற்காக வேலைக்குப் போகிறவர்களின் ரயிலில் தினமும் ஏற வேண்டும்? ஊரிகம் ஸ்டேஷனில் மாயாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்தது. பதினாறு வருடம் அவர் ஸ்டோர்ஸில் சாமான் கணக்குப் பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். பெங்களூர் சீசன் பாஸ் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் ஒரு வேலை பிடித்துவிட நினைத்தார்.

வேலை போனதை அவர் தினமும் ஏறும் பெட்டியில் யாரும் சொல்வதில்லை. மாயா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அப்போ இன்னாத்துக்கு வர, டூரா?" என்றார் வழியில் மாலூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசரான டென்சில்.

"பாஸ் கீது, வரேன். உங்க ஸ்டோர்ஸுக்கு ஆள் வேணும்னா வாயத் தொற. சீட்டாட மட்டும் தொறந்தா போதாது."

யார் எங்கே வேலை செய்கிறார்கள், எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று இருக்கை இருக்கையாகப் போய் விசாரித்தார். தனக்குப் பொருந்தாததைப் பொருந்தியவரிடம் சொன்னார். அதே பெட்டியில் வரும் சுனிதாவின் தம்பிக்கு வெல்டிங் வேலை அப்படித்தான் அமைந்தது. கொடுத்தால் திரும்பி வரும் என்ற எண்ணமும் இதில் இருந்திருக்கலாம்.

ஐந்தாம் நாள், மத்தியானமே திரும்பும் ரயிலில், காலையில் அதே பெட்டியில் வரும் சகாயத்தைப் பார்த்தார். அவரும் ஸ்டோர்ஸ்காரர், கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை என்று காலையில்தான் சொல்லியிருந்தார். இப்போது டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாயா பார்க்காதவர் போல வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை என்று சகாயம் மறுபடி சொன்னார்.

"ஸ்டாக் எடுக்கறப்போ அப்பிடித்தாண்ணே," என்றார் மாயா.

தன் விஷயத்தில் ஒளிக்காதவர், இன்னொருவர் ஒளித்ததைக் காத்தார். இதற்கு நேர்மை என்று பெயர் வைக்கலாமா, தெரியவில்லை. அதைவிடக் குறைந்தது அல்ல.

பன்னிரண்டாம் நாள் டென்சில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"மாயா, எங்க ஸ்டோர்ஸ்ல ஆள் எடுக்கறாங்க. உன்னப் பத்தி சொல்லிட்டேன். என்னோட எறங்கு."

"ஒரு எடந்தானா?"

"ஒண்ணுதான்."

நாலு சீட் தள்ளி சகாயம் உட்கார்ந்திருந்தார்.

"சகாயம் அண்ணன் போற எடம் ரொம்ப தூரம். மாலூர்னா அவருக்குக் கிட்டக்க. அனுபவமும் ஜாஸ்தி. அவரக் கூட்டிக்கினு போ."

"உன் பாஸ் இன்னியோட முடியுதே."

"தெரியும்."

மாலூரில் டென்சில் சகாயத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். காரணத்தை டென்சில் பிறகு எத்தனையோ முறை கேட்டார், மாயா தூரத்தையே மறுபடி சொன்னார். அன்று சாயங்காலம் ஊரிகம் கவுண்டரில் மாயா இன்னொரு மாதத்துக்குப் பாஸ் எடுத்தார்.