சந்திரலேகா போட்ட டிக்

கடலூரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு சந்திரலேகாவை 'இன்சூரன்ஸ் அக்கா' என்றால்தான் தெரியும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் மேசை போட்டுப் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். கணவர் இறந்த மறுவருஷம் பரீட்சை எழுதி ஏஜென்ட் ஆனவள். பாலிசி முடியப்போகிறது என்று அவளே போன் செய்து சொல்வாள். அதனால் வெகுகாலம் அவளை விட்டு யாரும் வேறு ஆளிடம் போனதில்லை.

பிரீமியம் ஏற ஏறத்தான் சிலர் போகத் தொடங்கினார்கள். "இன்னாக்கா, போன வருஷத்துக்கு இவ்ளோ ஜாஸ்தி சொல்ற?" என்று அவளே ஏற்றிவிட்டதுபோலக் கேட்டார்கள். அதே தெருவில் இன்னும் இரண்டு பேர், குறைந்த விலைக்குப் போட்டுத் தருவதாகப் பலகை வைத்தார்கள். எதை வெட்டிக் குறைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் அப்படிச் செய்ததில்லை, ராபர்ட் வந்த அந்த ஜூலை மாதம் வரைக்கும்.

ராபர்ட் அவளுடைய முதல் வருஷத்து வாடிக்கையாளன். தேவனாம்பட்டினத்தில் மீன் ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே குட்டியானை வண்டியில் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போவான். காலிப் பெட்டிகளோடு பத்து, பதினொரு மணிக்குத் திரும்புவான். மகள் அறிவுமதி சிதம்பரத்தில் நர்சிங் படித்தாள். சந்திரலேகாவை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, பாத்துப் போடு. பாப்பாவுக்கு பீஸு கட்டிட்டேன். கைல ஒண்ணுமில்ல."

"போன வருஷம் கண்ணாடி ஒடஞ்சதுக்கு க்ளெய்ம் வாங்குனல்ல ராபர்ட்டு. அதுல சலுகை போயிடுச்சு. அதுவும் சேந்து ஏறியிருக்கு."

"வண்டிக்கே வேணாம்க்கா. போலீஸ்காரன் கேட்டா காட்டுறதுக்கு மட்டும் போடு. பக்கத்துல கொறச்சுத் தர்றேங்குறான். உன்ன வுட்டுட்டுப் போவ மனசு வரல."

வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பங்கை அவன் சொன்னபடியே எடுத்துவிட்டாள். அப்படியும் பக்கத்துக் கடைக்காரன் சொன்ன தொகைக்கு இறங்கவில்லை. திரையில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஓட்டுகிற உரிமையாளர் செத்துப்போனால் குடும்பத்துக்குப் பதினைந்து லட்சம் கிடைக்கிற பங்கு. அதைக் கட்டாயம் போட வேண்டும். உரிமையாளருக்கு வேறு விபத்து பாலிசி இருந்தால் மட்டும் விட்டுவிடலாம். அதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது.

ராபர்ட்டுக்கு வேறு பாலிசி எதுவும் கிடையாது. அவளுக்கு அது தெரியும். அவனைக் கேட்காமலே அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள்.

தொகையைப் பார்த்து அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்குத்தான்க்கா உங்கிட்ட வர்றது" என்று சொல்லி, ஒரு கவரில் கொண்டுவந்திருந்த சங்கரா மீனை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் அவள் அதைக் குழம்பு வைத்தாள்.

அக்டோபரில் ஒரு நாள் காலை, சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது, புதுச்சத்திரம் தாண்டித் தூறலில் ஒரு மாடு குறுக்கே வந்தது. ராபர்ட் ஒடித்துத் திருப்பினான். வண்டி புளியமரத்தில் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. இழப்பீடு கேட்கவும் எதிரே ஆள் இல்லை.

பத்து நாள் கழித்து அவன் மனைவி ரேகா ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு எதுனா ஆச்சுன்னா இன்சூரன்ஸ் அக்காகிட்ட போ, அவுங்க பாத்துப்பாங்கன்னு சொல்லுவாரு. பதினஞ்சு லட்சம் வருமாமே அக்கா? வண்டி ஸ்டாண்டுல சொன்னாங்க."

அவர்தான் குறைக்கச் சொன்னார் என்று சந்திரலேகா சொல்லியிருக்கலாம். பத்து நாளாகத் தூக்கமில்லாமல் அவள் தயார் செய்து வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். ரேகாவின் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

ரேகா பாலிசித் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"வேற பாலிசி இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அவுருகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல."

"எவ்ளோக்கா அது?"

"முந்நூத்திச் சொச்சம்."

ரேகா அழவில்லை, திட்டவும் இல்லை. ஃபைலை மூடினாள். "எங்கிட்ட கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனே அக்கா" என்றாள். எழுந்து, ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டாள்.

அதன்பிறகு சந்திரலேகாவின் போனை அவள் எடுக்கவே இல்லை. வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. ரேகா எறா உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அறிவுமதி படிப்பை நிறுத்திவிட்டாளாம், சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறாளாம்.

தன் இரண்டு வளையலை விற்ற பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தை மாதம் ஒரு திங்கட்கிழமை சந்திரலேகா சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். கடையைத் தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டாவது மாடியில், சீருடைப் புடவையில் அறிவுமதி நின்றிருந்தாள். ஆள் பாதியாகிப் போயிருந்தாள்.

"அறிவு, பீஸ நான் கட்டுறேன்டி. காலேஜுக்குப் போ."

அறிவுமதி பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் சூப்பர்வைசர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டன் பாக்குறீங்களா, சில்க்கா?" என்றாள்.

"அறிவு..."

"பேசக் கூடாது அத்த, சம்பளத்துல புடிப்பாங்க. எதுனா பாருங்க."

சந்திரலேகா அடுக்கில் ஏதோ ஒன்றைக் கைகாட்டினாள். அறிவுமதி ஒரு புடவையை எடுத்து விரித்தாள். அது வேண்டாம் என்றதும் இன்னொன்று. பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறம். ஒவ்வொன்றாக விரித்து, முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டினாள். கண்ணைப் பார்க்கவே இல்லை. பணக்கட்டை அந்தப் புடவைக் குவியலுக்கு அடியில் சந்திரலேகா மெல்லத் தள்ளினாள். அறிவுமதி அதேபோல் மெல்ல அதை அவள் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"அம்மா வாங்கக் கூடாதுன்னுடுச்சு அத்த."

வேறு வழியில்லாமல் சந்திரலேகா ஒரு புடவையைக் காட்டி, இதுக்கு பில் போடு என்றாள். என்ன நிறம் என்றுகூடப் பார்க்கவில்லை. அறிவுமதி பில் எழுதிக் கொடுத்துவிட்டு, விரித்த மற்றப் புடவைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள்.