பெரட்டுக்கு வந்தவர்கள்

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் விளையாட்டு எங்களுடையது. புதுக் கதையை மிரட்டலாகத் தொடங்க ஆசைப்பட்டேன். பீடோர் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் கல்லறைகளில் கண்ட பெயர்களை நண்பர்களுக்குச் சூட்டினேன். குமரன் வீட்டில், தோட்டத்தில் வேலைக்கு முன் நடக்கும் காலைப் பெரட்டில் கணக்கெழுதும் கிராணி பெயர் சொல்லி ஆள் கூப்பிடுவதுபோல் ஒவ்வொன்றாக அழைத்தேன்.

"முனியாண்டி!"

"இருக்கேன்யா!" என்றான் குமரன்.

அடுப்படியிலிருந்து அவன் அம்மா வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"எல்லாம் அந்தத் தோட்டத்துல எங்க லயத்து வீடுகள்ல இருந்த ஆளுங்க தம்பி. கூப்பிட்டுட்டீங்க. பெரட்டு முடிஞ்சா போகச் சொல்லணும் லா. சொன்னீங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் வாசல் கதவை அகலத் திறந்துவைத்தார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க."

நான் பகடையைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கதவு வழியாகவே வெளியேறினேன்.

இப்போதெல்லாம் எந்தக் கதையைத் தொடங்கினாலும், வந்தவர்களை அனுப்பிவைக்கும் வார்த்தையைத்தான் முதலில் யோசிக்கிறேன். அன்று கூப்பிட்டவர்களை இன்னும் நான் போகச் சொல்லவில்லை.