தானாக எரிந்த மூன்று விளக்குகள்

1. அவர் கேட்ட கேள்வி

“எல்லாம் கொள்ளாம், நல்லாருக்கு. அவளுக்க ஸ்விட்ச் எங்க சாரே?”

தாசையன் அண்ணாச்சி என்னிடம் நேரில் பேசிய முதல் பேச்சு இது. 2009, தை மாதம், மாலை ஆறே முக்கால். களியக்காவிளை போகிற ரோட்டிலிருந்து இருநூறு மீட்டர் உள்ளே தள்ளி அவருடைய வீடு. காலை எட்டரைக்கு ஆரம்பித்த வேலையை ஆறு மணிக்கு முடித்துவிட்டு, அவருடைய கார் வருவதற்காகவே காத்து நின்றேன். அவர் இறங்கி கேட்டைத் தள்ளியதும் மூன்று விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. யாரும் எதையும் தொடவில்லை. என் முப்பத்திரண்டு வருட வயரிங் வேலையில் நான் பெருமைப்பட்டவற்றை எண்ணினால் முதல் ஐந்துக்குள் அது வரும் என்று அப்போது நினைத்தேன்.

அவர் விளக்குகளைப் பெரிதாகப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போனார். திரும்பி வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வேலையைத் தந்தது அவர் அல்ல, தோகாவில் இருந்த மகன் ஷாஜி. போனில் சொன்னான்: “அங்கிள், இங்க எங்க வில்லாவுல கார் வந்தாலே ஷெட்டுல லைற்று தானா எரியும். அப்பாக்கு அறுபத்தெட்டு வயசாச்சு. இருட்டுல படியில கால் இடறினா தூக்க ஆளில்ல. அம்மா கெடப்புலயாக்கும். அப்பாட்ட முன்னகூட்டிச் செல்லாதீங்க, வேண்டாம்ன்னு செல்லுவாரு.”

அதனால்தான் அண்ணாச்சி ரப்பர் ஷீட் கடைக்குப் போன பிறகு வேலையைத் தொடங்கினேன். முதலில் அளவெடுத்தேன். கேட்டிலிருந்து கார் ஷெட் பத்தொன்பது காலடி. ஷெட்டிலிருந்து பின்வாசல் பதினொரு காலடி, நான்கு படி. மோஷன் சென்சார் போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். வீட்டில் இரண்டு நாய், ஒரு பூனை, ஷெட்டை ஒட்டி ஏழு வாழை. காற்றடித்தாலே லைட் எரியும். ஆகவே கேட்டில் மேக்னெட் ஸ்விட்ச். கேட் திறந்தால் ரிலே இழுக்கும், டைமர் ஓட ஆரம்பிக்கும். பகலில் எரியாமல் இருக்க ஒரு போட்டோ செல். கேட் தூணில் ஒன்று, ஷெட் உத்திரத்தில் ஒன்று, பின்வாசல் படிக்கு மேல் ஒன்று. ஆறு தடவை நானே நடந்து பார்த்தேன். காரைப் பூட்டிவிட்டு உள்ளே போக எனக்கு ஒரு நிமிடம் ஐம்பது நொடி. அவருடைய வயதுக்காகக் கூட்டி டைமரை நான்கு நிமிடத்தில் வைத்தேன்.

ஷெட்டில் ஏற்கெனவே ஒரு குண்டு பல்பு இருந்தது. அதன் ஸ்விட்சைத் தேடினால் ஷெட்டில் இல்லை, பின்வாசலிலும் இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது பைப் இல்லாமல் சுவரோடு ஓடி, ஜன்னல் கம்பி வழியாக ஓர் அறைக்குள் நுழைந்தது. அங்கே கட்டிலின் வலது பக்கம் ஒரு பெட் ஸ்விட்ச் தொங்கியது. கட்டிலில் அண்ணாச்சியின் வீட்டுக்காரி லில்லிபாய் அக்கா படுத்திருந்தார். பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

வயரில் டேப் சுற்றிய ஜாயிண்ட் இரண்டு. படுத்த படுக்கையான ஆளுக்குப் பக்கத்தில் இப்படித் தொங்கும் வயர் கூடவே கூடாது. எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் அதைத்தான் சொல்வார். மெயினை அணைத்துவிட்டு வயரை வெட்டினேன். அக்கா “ஏ... ஏ...” என்றார். இடது கையைத் தூக்கினார். மறுபடியும் இரண்டு முறை அதே சத்தம். அவரைக் கவனித்துக்கொள்ளும் தங்கம் அந்த நேரம் மீன் வாங்க ஜங்ஷனுக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து ஓடும் டிரில்லிங் மெஷின் சத்தம் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சத்தம் குறையட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மாலையில் அண்ணாச்சி கேட்டபோது இதைத்தான் விளக்கினேன். “பழைய ஸ்விட்ச் இனி எதுக்கு அண்ணாச்சி? நீங்க கேட்டத் திறந்தா போதும். லைட் போட ஆளே வேண்டாம்.”

“ஆளே வேண்டாம், இல்லியா?” என்றார். கொஞ்ச நேரம் உத்திரத்து லைட்டைப் பார்த்தார். “செரி, மவன் ஆசப்பட்டுச் செஞ்சது. இருக்கட்டு.”

அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

2. பன்னிரண்டாவது வேலை

இருபத்தொரு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

“சாரே, கோவிச்சுக்கிடாதீரும். லைற்றுக்கு ஒரு குத்தமும் இல்ல, கல்யாண வீடு கணக்கா எரியுது. அந்தப் பழைய ஸ்விட்ச்ச மட்டும் திரும்ப மாட்டித் தர முடியுமா? சும்மா, அவளுக்க கையில இருக்கட்டு.”

சும்மா ஒரு ஸ்விட்ச் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. லூஸ் வயர், எர்த் இல்லை, ஈரக் கை பட்டால் ஆபத்து என்று வரிசையாகச் சொன்னேன். ஐந்து காரணம் சொன்னதாக ஞாபகம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீரு செல்லுதது எல்லாம் செரிதான். படிச்ச ஆளு. ஆனா ஒரு நட வந்துட்டுப் போவும் சாரே.”

வருகிறேன் என்றேன். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். மாசி பிறந்துவிட்டது, மண்டைக்காட்டுக் கொடைக்கு சீரியல் செட் கட்டும் வேலை கையில் இருந்தது. அதோடு சேர்த்து நிலுவையில் பதினொன்று. நோட்டில் பன்னிரண்டாவதாக இதை எழுதி, பக்கத்தில் ‘அவசரம் இல்லை’ என்று குறித்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. போனது இருபத்துமூன்றாம் நாள். வயரை வெட்டியதிலிருந்து எண்ணினால் நாற்பத்துநான்கு நாள்.

3. கார் வெளியே நின்றது

கதவைத் திறந்த தங்கம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வந்துட்டியளா சாரே? நாட்டுல உள்ள இருட்ட எல்லாம் ஒழிச்சு முடிச்சாச்சா?”

“என்னம்மா இப்படிப் பேசுறே?”

“பின்ன எப்பிடிப் பேச? எங்க அக்காக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோலியாக்கும் உண்டு. அதையும் வெட்டிப் பையில போட்டுட்டுப் போயிட்டிய.”

அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஸ்விட்சை வலது பக்கம் தொங்கவிடச் சொன்னதே கைக்குப் பயிற்சி கொடுத்த ஆள். அந்தக் கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்று. பெருவிரல் ஸ்விட்சை அழுத்த மூன்று மாதம் ஆயிற்று. அதன் பிறகு தினமும் ஆறரை ஆனால் அக்காவின் கண் கடிகாரத்தை விட்டு நகராது. ரோட்டு வளைவில் அண்ணாச்சி இரண்டு ஹாரன் அடிப்பார். அக்கா விளக்கைப் போடுவார். அண்ணாச்சி உள்ளே வந்து, “லில்லி, நீ லைற்று போட்டதுனாலயாக்கும் நான் விழாம வந்தேன்” என்பார். ஒரு நாள் விடாமல் சொல்வார். அதைக் கேட்டால்தான் அக்கா கஞ்சி குடிப்பார்.

“இப்பம் ஹாரன் கேட்டா அக்கா திரும்பியே பாக்குததில்ல. வெளிச்சம் அதுக்க பாட்டுக்கு வருது, போவுது. கையப் பாருங்க.”

பார்த்தேன். வலது கை மூடிக்கிடந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தால்தான் உள்ளங்கை தெரிந்தது.

அன்றே வேலையை முடித்தேன். புது வயர், முழுக்க பைப்புக்குள். அதே ரகத்தில் புது ஸ்விட்ச், ஒரு அழுத்தில் எரியும், மறு அழுத்தில் அணையும். பழைய குண்டு பல்புக்கே இணைப்பு. கேட்டில் இருந்த மேக்னெட்டைக் கழற்றினேன். அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன். “நல்லது சாரே, நல்லது” என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆறே முக்காலுக்கு வளைவில் இரண்டு ஹாரன் கேட்டது. தங்கம் அக்காவின் விரல்களைப் பிரித்து ஸ்விட்சை உள்ளே வைத்திருந்தாள். பெருவிரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. அக்கா அந்த விரலையே பார்த்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. விரல் அசையவில்லை.

“அழுத்துங்க அக்கா. அந்தா நிக்காரு பாருங்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் கேட்டுக்கு வெளியே நின்றது. அண்ணாச்சி இறங்கவில்லை.

“வலது கை முடியல்லன்னா இந்தக் கையால அழுத்துங்க அக்கா. யாரு கேக்கப் போறா?”

அக்கா தலையை ஆட்டி மறுத்தார். இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடம் போயிற்று. மறுபடியும் ஒரு ஹாரன், மெதுவாக, கூப்பிடுவதுபோல.

என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து அக்காவின் பெருவிரல் மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். ஷெட்டில் வெளிச்சம் வந்தது. கேட் திறந்தது. அண்ணாச்சி காரை விட்டுவிட்டு உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

“லில்லி, நீ லைற்று போட்டதுனாலயாக்கும் நான் விழாம வந்தேன்.”

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

என்னை வழியனுப்ப ஷெட் வரை வந்தபோது அண்ணாச்சி கேட்டார், “நீரு அழுத்தினீரு, இல்லியா?”

நான் குனிந்து டூல் பையின் ஜிப்பை இழுத்தேன்.

“அவ அழுத்தினா வெரலு நடுங்கும் சாரே. லைற்று ஒரு நட எரிஞ்சு, அணைஞ்சு, பின்னயாக்கும் நிக்கும். இது ஒரே எரியா எரிஞ்சுது.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு காலம் தூக்கம் கெட்டிருக்காது.

4. பாடம்

அதன் பிறகும் இரண்டு வருடம் அக்கா இருந்தார். அந்த விரல் திரும்பி வரவில்லை. மூன்று விளக்குகளுக்கும் மேக்னெட்டை மறுபடி மாட்டவா என்று இரண்டு தடவை கேட்டேன். அண்ணாச்சி வேண்டாம் என்றார். டார்ச் அடித்துக்கொண்டே படியேறினார். வளைவில் ஹாரன் அடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை என்று தங்கம் சொன்னாள்.

எப்படியும் அந்தக் கை மூடித்தான் போயிருக்கும், ஸ்விட்சால் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னதாக அண்ணாச்சி ஒருநாள் எனக்குப் போன் செய்து சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். தங்கம் அப்படிச் சொல்லவில்லை. இருவர் பேச்சையும் வைத்து நாற்பத்துநான்கு நாளையும் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். விடை கிடைக்கவில்லை. ஷாஜி பயந்ததில் தப்பில்லை. நான் போட்ட சர்க்யூட்டிலும் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு வீட்டில் விளக்கைத் தானாக எரியவைக்கும் முன்னால், அதுவரை அதை எரியவைத்தது யார் என்று விசாரியுங்கள். அந்த ஆளிடமே கேளுங்கள். பேச்சு வராதவர் என்றால் கட்டிங் பிளையரைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். கொஞ்ச நேரம் ஆகும். வயரை வெட்டிய அன்று எனக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.