நிமிராத தலை

காலை ஏழு இருபது. கோட்டுச்சேரி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெண் அரிவாள்மணையில் கொடுவா மீனை நறுக்கிக்கொண்டிருந்தார். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கூடையோடு வருகிறவர். நாற்பது வயது இருக்கும். முழங்கை வரை செதில் ஒட்டியிருந்தது.

என் மகளுக்கு இருபது வயது. தனியே எங்கும் போனதில்லை; நான் விட்டதில்லை. இப்போது கூட்டத்தைப் பார்த்தாலே அவளுக்கு மூச்சு முட்டுகிறது. "ஒரு நாளாவது தனியா அனுப்பிப் பாருங்க சார்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று அவளுக்குக் காரைக்காலில் வேலைக்கான நேர்காணல். அவளை நிறுத்தத்தில் விட்டுவிட்டு, சாலையைக் கடந்து மீன்கூடை அருகே நின்றேன். மகள் இன்று தனியாகப் போகிறாள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

மீன்காரப் பெண்ணின் மகளும் பள்ளிப் பையோடு நிறுத்தத்தில்தான் நின்றாள். பத்து வயது இருக்கலாம். காரைக்கால் பஸ் வந்து, தள்ளிப் போய் நின்றது.

"அங்க போயி நிறுத்துனா எப்படிண்ணே ஏறுறது?" என்று கண்டக்டரை அதட்டிக்கொண்டே அந்தச் சிறுமி ஓடி ஏறினாள்.

அம்மா நிமிரவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் குரல்மீது கொஞ்சம், நிமிராத அந்தத் தலைமீது அதிகம்.

"ஒரு தடவைகூடப் பாக்க மாட்டீங்களாம்மா?"

"பாத்தா என் கைதான் அறுபடும் சார். அவ போயிருவா." அடுத்த மீனை எடுத்தார். "உங்க பொண்ணு ஏறிடுச்சா?"

பஸ் கிளம்பிவிட்டது. என் மகள் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். 'ஏறு' என்று நான் தலையாட்டுவதற்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.