முனிரத்தினம் மாமாவின் மைக்

போன செவ்வாய்க்கிழமை காலை. செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டு முனிரத்தினம் மாமா தெருவைத் தாண்டி ஓடி வந்தார். கையில் போன்.

"பாப்பா, இது செத்துப்போச்சா, உயிரோட இருக்குதா... பாரு!"

எங்கள் தெருவில் யார் வீட்டுப் போன் மக்கர் செய்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். கம்ப்யூட்டர் படித்தவள் அல்லவா? 'சார்ஜ் ஏறல', 'ஸ்டோரேஜ் ஃபுல்லாம்', 'வாட்ஸ்அப் காணாமப் போச்சு'... பாதி நோய்க்கு என்னிடம் ஒரே மருந்துதான் - ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க!

ஆனால் அன்று வந்தது வேறு கேஸ்.

மாமாவின் ஒரே மகள் பவித்ரா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. போன வருஷம் தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. அன்று காலை டீ பிரேக்கில் அவளே கூப்பிட்டிருக்கிறாள்.

"'நைனா'ன்னா. 'சொல்லு கண்ணு'ன்னேன். திரும்பவும் 'நைனா... நைனா'ன்னா. நானும் கத்திகினே இருக்கேன். 'இன்னும் கோவம் தீரலையா'ன்னு கேட்டுட்டு வச்சிட்டா பாப்பா."

"திரும்பக் கூப்பிட்டீங்களா?"

"சுவிட்ச் ஆஃப்பு. வேலைக்கு உள்ள போனா போன லாக்கர்ல வச்சிடணுமாம். இனிமே சாப்பாட்டு நேரத்துலதான் எடுப்பா."

பின்னாலேயே மாமாவின் மனைவி கோமளா அத்தை. அத்தையின் தீர்ப்பு ரெடி.

"போன் மேல ஏம்மா பழி? இந்த மனுசன் வாயத் தொறந்திருக்க மாட்டாரு. பொண்ணு கல்யாணத்துக்கே தொறக்காத வாயி!"

"முருகன் மேல சத்தியமா பேசுனேன்டீ!"

'போன் ரிப்பேர்' என்று ஒரு மெசேஜ் போட்டுவிடலாமே என்றேன்.

"ஒரு வருசமா பேசாத மனுசன் போன் ரிப்பேருன்னா எவ நம்புவா?" என்றார் அத்தை. நியாயம்தானே?

சரி, என் போனிலிருந்து பேசுங்கள் என்றால், மாமா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "அவ என் நம்பருக்குத்தானே போட்டா? என் நம்பர்லருந்துதான் போவணும்."

ஆக, மதியச் சாப்பாட்டுக்குள் போன் பேச வேண்டும். ரீஸ்டார்ட் செய்தேன். கவரைக் கழற்றினேன். வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து, "ஏதாவது பேசுங்க மாமா" என்றேன்.

"என்னா பேசறது? முருகா... முருகா..."

பதிவானதை ஓடவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

அத்தையின் முகம் மாறிவிட்டது. "அப்ப நெஜமாவே பேசுனியா?" என்றார், மெல்ல.

போனைத் தலைகீழாகத் திருப்பி டார்ச் அடித்தேன். சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை - அதுதான் மைக். சிமென்ட் பூசிய மாதிரி வெள்ளையாக அடைத்திருந்தது.

"என்ன மாமா இது, சுண்ணாம்பா?"

"வெத்தல போடற பழக்கமே இல்லியே..." என்றபடி சட்டைப் பாக்கெட்டைத் தடவியவர், ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தார். மலைமேல் முருகன் கோயிலில் தந்த விபூதி!

செவ்வாய் தவறாமல் படியேறுகிறவர் மாமா. காகிதத்தில் மடித்த விபூதியும் போனும் ஒரே பாக்கெட்டில். இறங்கி வருவதற்குள் வேர்வை வேறு. வாரா வாரம் பூச்சு... அடைக்காமல் என்ன செய்யும்?

"பாப்பா நல்லா இருக்கணும்னுதான் போறேன்..." என்றார். அவர் 'பாப்பா' என்றது என்னை அல்ல.

அதற்குள் அத்தை தாலிச் சரட்டிலிருந்து ஊக்கை உருவிவிட்டார். ஐயோ, அத்தை! ஊக்கு குத்தினால் உள்ளே மைக்கே போய்விடும். வாயால் ஊதினாலும் ஈரம் இறங்கும். போனை ஆஃப் செய்து, ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தேன். பொறுமைதான் வைத்தியம். எனக்கே கொஞ்சம் குறைவாக உள்ள சரக்கு!

மறுபடி ரெக்கார்டர். இந்த முறை 'முருகா' கணீரென்று வந்தது.

சாப்பாட்டு நேரம். மாமா கூப்பிட்டார். நாலைந்து ரிங் போனது. எடுத்தாள். ஆனால், பேசவில்லை.

மாமாவும் பேசவில்லை!

ஸ்கிரீனில் நொடிகள் ஓடுகின்றன. மறுபடி அடைத்துக்கொண்டதோ என்று எனக்கே சந்தேகம். அத்தை அவர் முதுகில் ஒரு குத்து விட்டார்.

"பவி... ஆடிக் கிருத்திகைக்கு மலையில கூட்டமா இருக்கும்மா. மாப்பிள்ளைய இப்பவே லீவு சொல்லி வைக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். மாமா எப்போதும் வால்யூமை முழுசாக வைத்திருப்பார். எங்களுக்கும் கேட்டது.

"கேக்குது நைனா... நல்லா கேக்குது."

தெருவே என்னைப் பாராட்டுகிறது. நான் சரிசெய்தது மைக்கைத்தான்... முதலில் டயல் பண்ணியது அந்தப் பெண்ணாச்சே!