மதினி சேர்த்த செங்கல்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வரும் பஸ்ஸில், ஜன்னலோரமாக, பழைய நூல்சேலையில் சுற்றிய ஒரு பொருளை மடியில் வைத்துக்கொண்டு என் மதினி உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. எழுபதுகளின் கடைசி அது. நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். துணைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தாள். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் மடியில் இருந்ததை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். பனவடலிசத்திரத்தில் பஸ் நின்றது. அது மதினி பிறந்த ஊர். அவளுக்குச் சித்தி முறையாகும் ஒருத்தி ஏறினாள். மடியைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, புள்ள பெத்ததச் சொல்லவே இல்லையே! மூஞ்சியக் காட்டு, பாப்போம்."

மதினி சேலை நுனியை மெல்ல விலக்கினாள். உள்ளே வெள்ளைப் பீங்கான் பளபளத்தது. கக்கூஸ் கோப்பை.

"மூணு வருசமாச் சொமந்தது சித்தி. நீங்களே பாத்துச் சொல்லுங்க, யாரு சாடை?"

பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் டிக்கெட் போட வந்த கண்டக்டரும் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்துவிட்டார். எனக்குத்தான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மதினி சேலையை மறுபடி போர்த்தி, பெற்றவள் மாதிரியே தட்டிக்கொடுத்துக்கொண்டு வந்தாள்.

என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் எங்கள் தெருவுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேர்தான். அண்ணன் விசைத்தறியில் வேலை பார்த்தான். பகலெல்லாம் தறிச்சத்தம், பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். மதினி கத்திப் பேச ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள். அவளால் பழக முடியாதது ஒன்றே ஒன்று. அவள் பிறந்த கிராமத்தில் காடும் கரையும் கிடந்தன. ஒதுங்குவதற்கு மறைவு இருந்தது. எங்கள் தெருப் பெண்களோ கோழி கூவுமுன் எழுந்து, தண்டவாளத்தைத் தாண்டி, உடைமரப் புதருக்குப் போக வேண்டும். போகப்போக அங்கேயும் புதரை வெட்டிப் பிளாட் போட ஆரம்பித்தார்கள். லாரி வெளிச்சம் பட்டால் எழுந்து நிற்க வேண்டும். வெளிச்சம் போனதும் உட்கார வேண்டும். விடிந்துவிட்டால் மறுபடி இருட்டும்வரை கிடையாது. இதற்காகவே ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட பெண்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். நானும் அப்படித்தான். "டவுனுல கெட்டிக் குடுக்கோம்னு சொன்னாவ. ஒதுங்க எடமில்லாத டவுனு இது" என்பாள் மதினி.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பட்டப்பகல். தெருவில் ஆள் நடமாட்டம். சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பொழுது சாயும்வரை அவள் இருந்த இருப்பை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. அழவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து உடம்பு தேறியதும், அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "நான் துட்டு சேக்கப் போறேன். இந்த வீட்டுல கக்கூஸ் கெட்டணும்."

அம்மா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "சாமி வெளக்கு எரியுத வீட்டுக்குள்ளயா? எம் மாமியா, அவுக மாமியா எல்லாம் எங்கன போனாவ? ஒனக்கு மட்டும் என்ன மகாராணி கணக்கா?"

"எல்லாருக்கும்தான் அத்தை. நீங்கதான் மொதல்ல போவணும்."

அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் மறுக்காததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மதினி கொத்தனாரைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவர் சிக்கனமாக ஒரு வழி சொன்னார். பக்கத்துத் தெருப் பெரிய வீடுகளில் இருந்ததைப் போல எடுப்புக் கக்கூஸ். நாலு சுவரும் ஒரு மேடையும் போதும், காலையில் ஓர் அம்மாள் பின்சந்து வழியாக வந்து வாளியில் அள்ளிக்கொண்டு போவாள். ஆறு மாதம் சேர்த்தால் கட்டிவிடலாம். அண்ணனுக்கு முகம் தெளிந்தது. மதினி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"அது வேண்டாம் அண்ணாச்சி. அந்த அம்மா வாளியோட போறத நான் தெனம் பாக்கேன். நம்ம வீட்டுதையும் அவ தலையில ஏத்தவா நான் துட்டு சேக்குதேன்? குழி தோண்டி, டேங்க் கெட்டி, தண்ணி ஊத்துனாப் போற மாதிரி கெட்டணும்."

"அதுக்கு ரொம்பச் செலவாகுமேம்மா."

"ஆவட்டும். ரொம்ப நாள் சேக்கேன்."

எனக்கு மதினியைப் பற்றி எத்தனையோ நினைவுகள் உண்டு. ஆனால் அவளை முழுசாகக் காட்டியது அந்த ஒரு பேச்சுதான் என்று இப்போது தோன்றுகிறது. எட்டிவிடக்கூடிய இடத்தில் ஒன்று இருக்கும்போது, அதைத் தள்ளிவிட்டுத் தூரத்தில் இருப்பதைக் குறி வைப்பது எளிதில்லை. நான் பிற்பாடு எத்தனையோ தடவை சேமிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். எதற்காகச் சேர்க்கிறேன் என்பது எனக்கே மங்கிப்போயிருக்கும். அவளுக்கு அது மங்க வழியே இல்லை. தினமும் விடிவதற்கு முன்னால் தண்டவாளத்தைத் தாண்டும்போது அவள் காலே அவளுக்கு ஞாபகப்படுத்திவிடும்.

தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும், அரிசி, எண்ணெய் எதற்கும் முன்னால் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவிடுவாள். ஆரம்பத்தில் அதைப் போஸ்டாபீஸில் போட்டாள். வீட்டில் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். அண்ணனே ஒருதரம் சைக்கிளுக்கு டயர் வாங்கக் கேட்டான். அதற்குப்பின் மதினி முறையை மாற்றினாள். பணம் கொஞ்சம் சேர்ந்ததும் செங்கலாக வாங்கிப் பின்கட்டில் அடுக்கிவிடுவாள். "துட்டா இருந்தாக் கேப்பாவ. செங்கலா இருந்தா யாரு கேப்பா?" என்று சிரிப்பாள். செங்கலையும் ஒருவர் கேட்டு வந்தார். எதிர்வீட்டுக்காரர், அடுப்பு போடுவதற்கு. மதினி அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினாள், செங்கல் கொடுக்கவில்லை.

அவளுக்குச் சினிமாப் பைத்தியம். அதையும் நிறுத்தினாள். என்னை மட்டும் தோழிகளோடு போகச் சொல்லி, திரும்பி வந்ததும் பிடித்துக்கொள்வாள். முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பாட்டு வரும் இடத்தில் பாட வேண்டும். சண்டையை விட்டுவிட்டால், "ஏட்டி, நடுவுல ரீல முழுங்குத" என்று கண்டுபிடித்துவிடுவாள். சண்டைக் காட்சிகளைக் கையைக் காலை ஆட்டி நடித்தே நான் ஒல்லியானேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே கடைவீதியில் நெரியும்போது அவளும் வருவாள். கண்ணாடி வளையல்களை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, கடைக்காரருக்கும் நல்ல வார்த்தை சொல்லி, அதே இடத்தில் வைத்துவிட்டு வருவாள். ஆசை இல்லாதவள் இல்லை அவள். பார்த்துவிட்டு வைக்கத் தெரிந்தவள்.

மூன்றாவது வருஷம் எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். கடையநல்லூர் மாப்பிள்ளை. பாத்திரம் பண்டம் வாங்குவதற்குப் பணம் போதவில்லை. அம்மா நேராகவே கேட்டாள்: "பொம்பளப்புள்ள காரியம். அந்தத் துட்ட எடு. செங்கலையும் வித்திருவோம். கக்கூஸ் எங்கன ஓடிப்போவுது?"

நான் அடுப்படியில் நின்றேன். எனக்காகத்தான் கேட்கிறார்கள். கொடுத்தால் மூன்று வருஷம் போயிற்று. கொடுக்காவிட்டால் மதினிக்குக் கெட்ட பெயர். மதினி காதில் கையை வைத்துத் திருகாணியைக் கழற்றினாள். அவள் அப்பா போட்ட கம்மல். அதைத் தவிர அவளிடம் பொன் இல்லை.

"இத வச்சுப் பணம் வாங்குங்க அத்தை. இது எனக்கு மட்டும் உள்ளது, தாரேன். அது வீட்டுக்கு உள்ளது. அதுல கை வைக்கக் கூடாது. எங்கொழுந்தியா கல்யாணத்துக்கு வாற பொம்பளைய எல்லாம் இருட்டுல தண்டவாளத்துக்கு அனுப்ப என்னால முடியாது."

அம்மா அந்தக் கம்மலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் அந்தப் பணத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை. மறுவாரம் குழி தோண்ட ஆள் வந்தபோது, "சாமி ரூமுக்குத் தள்ளித் தோண்டச் சொல்லுலே" என்று அண்ணனிடம் சொன்னதோடு சரி. அண்ணன் பீடியை விட்டான். விட்ட காசைச் சேர்த்து அடுத்த தீபாவளிக்குள் கம்மலை மீட்டுக் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் நினைத்துச் சேர்த்த முதல் பணம் அதுதான்.

இன்று என் வீட்டில் ஆளுக்கொரு குளியலறை இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே அரைமணி நேரம் செல்போன் பார்க்கிறார்கள். நான் திட்டுவதில்லை. அந்தக் கதவைப் பூட்டிக்கொள்ள முடிவதே எனக்குப் பெரிய விஷயமாகத்தான் இன்னும் இருக்கிறது.

அன்று, என் கல்யாணத்துக்கு முன்னாலேயே, கக்கூஸ் கட்டி முடித்து, சுவர் காய்ந்து, புழங்கத் தொடங்கிய மறுநாள் காலை. நான் கண்விழித்தபோது வீட்டுக்குள் வெயில் வந்துவிட்டிருந்தது. அடுப்படியில் அம்மா, அவளே அடுப்புப் பற்றவைத்திருந்தாள். அவள் கால் ஈரமாக இருந்தது, புதுக்கதவின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. மதினி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் விடிந்தபின் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, சின்னப்பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். தறிக்குக் கிளம்பிய அண்ணன் சட்டையைத் தேடிக்கொண்டு, அவளை எழுப்பக் குனிந்தான்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, எழுப்பாத. அவ தூங்கட்டும்" என்றாள்.